வெளிச்சம் பட்டால் கொல்லும் சாயம்: எலும்புப் புற்றுநோய் வரை வந்த ஒரு நூறு வருடக் கதை

1897-ஆம் வருடக் குளிர்காலம். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஆஸ்கர் ராப் என்று ஒரு மருத்துவ மாணவர். பேராசிரியர் ஹெர்மன் ஃபொன் டப்பைனர் அவருக்குக் கொடுத்திருந்த வேலை ரொம்பச் சாதாரணமானது. பாரமீசியம் என்கிற ஒற்றைச் செல் உயிரியை (பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் செருப்பு மாதிரி ஒரு படம் இருக்குமே, அதுதான்) அக்ரிடின் கலந்த தண்ணீரில் விட வேண்டும். எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். அக்ரிடின் என்பது நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருள். பல சாயங்களுக்கு அதுதான் மூலம்.

கணக்கு ஒத்துவரவில்லை. ஒரே அளவு அக்ரிடின், ஒரே தண்ணீர், ஒரே உயிரி. ஒரு நாள் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் செத்துப் போகின்றன. இன்னொரு நாள் பல மணி நேரம் ஆகியும் ஜாலியாக நீந்திக்கொண்டிருக்கின்றன. பிராக்டிகல் நோட்டு எழுதியவர்களுக்கு இந்த வயிற்றுக்கலக்கம் புரியும். பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ராப் அப்படிச் செய்யவில்லை. இரண்டு நாளுக்கும் என்னதான் வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தார். பாரமீசியங்கள் பிழைத்துக் கிடந்த அன்று வெளியே இடி மழை. வானம் இருண்டு, ஆய்வகத்துக்குள் வெளிச்சமே இல்லை. அப்படியானால் வெளிச்சம்தான் காரணமா? சோதித்தார். இருட்டில் அக்ரிடின் மட்டும் இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. அக்ரிடின் இல்லாமல் வெளிச்சம் மட்டும் பட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்தால் மரணம். 1900-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு ஃபோட்டோடைனமிக் தெரபி என்று மருத்துவர்கள் சொல்லும் சிகிச்சை அந்த இடி மழையில் பிறந்தது.

வெயிலும் மருந்தும் சேர்ந்தால் வேலை செய்யும் என்பது அதற்கு முன்பே தெரியாமல் இல்லை. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வெண்குட்டத்துக்குக் கார்போகரிசி கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்லும் வழக்கம் ரொம்பப் பழையது. எகிப்தில் வேறொரு செடியை வைத்து இதே வைத்தியம் நடந்திருக்கிறது. கார்போகரிசியில் இருக்கும் சோரலென் என்ற பொருள்தான் இதற்குக் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. ராப் பார்த்தது, வெளிச்சம் ஒரு பொருளைத் தட்டி எழுப்பி விஷமாக்குகிறது என்ற விஷயம். அதில் இன்னொரு கூட்டாளியும் இருக்கிறது: ஆக்சிஜன்.

அதைக் கண்டுபிடித்தவர் டப்பைனர். யோட்ல்பவுயர் என்ற சகாவுடன் சேர்ந்து செய்த சோதனைகளில், ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெளிச்சமும் சாயமும் சேர்ந்தும் ஒன்றும் நடப்பதில்லை என்று 1904 வாக்கில் காட்டினார். ஃபோட்டோடைனமிக் என்ற பெயரை வைத்ததும் அவர்தான். இன்றைய விளக்கம் இப்படி: சாய மூலக்கூறு ஒளியை வாங்கிக்கொண்டு அதிக ஆற்றல் உள்ள நிலைக்குப் போகிறது. அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. சாதாரண ஆக்சிஜன் இப்போது 'சிங்லெட்' ஆக்சிஜன் என்ற முரட்டு வடிவமாகிறது. தொட்டதையெல்லாம் எரிக்கும் இது, உடம்புக்குள் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட உயிரோடு இருப்பதில்லை. பிறந்த செல்லைத் தாண்டிப் பக்கத்துச் செல்லுக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும். இந்தச் சிகிச்சையின் மொத்த அழகும் அதில்தான் இருக்கிறது. மருந்து இருக்கும் இடத்தில் வெளிச்சம் படாவிட்டால் சேதமில்லை. வெளிச்சம் படும் இடத்தில் மருந்து இல்லாவிட்டாலும் சேதமில்லை.

1903-லேயே டப்பைனரும் யெசியோனெக் என்ற தோல் மருத்துவரும் நோயாளிகளிடம் இதை முயன்று பார்த்துவிட்டார்கள். சிவப்பு மையில் போடுவார்களே இயோசின், அந்தச் சாயத்தைத் தோல் கட்டிகளில் பூசி வெளிச்சம் காட்டினார்கள். அதே 1903-ல்தான் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தோலில் வரும் காசநோயைக் கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியால் குணப்படுத்தியதற்காக. அவர் சாயம் எதுவும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் ஒளி ஒரு மருந்து என்ற எண்ணத்துக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அடுத்து வருபவர் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமான ஆள். இல்லை, தைரியமான ஆள் என்றே சொல்லலாம். ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ், இவரும் ஜெர்மானிய மருத்துவர்.

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினிலிருந்து இரும்பை நீக்கினால் ஹீமட்டோபோர்ஃபிரின் என்ற பொருள் கிடைக்கும். இதை எலிகளுக்கு ஊசி போட்டு வெளிச்சத்தில் வைத்தால் அவை வீங்கிச் செத்துப்போகின்றன என்று தெரிந்திருந்தது. மனிதனுக்கு என்ன ஆகும்? 1912 அக்டோபர் 14 அன்று மேயர்-பெட்ஸ் 200 மில்லிகிராம் ஹீமட்டோபோர்ஃபிரினைத் தன் ரத்தக்குழாயிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் படாத வரைக்கும் ஒன்றும் இல்லை. வெயில் பட்ட இடமெல்லாம் எரிந்து வீங்கியது. ஆளே அடையாளம் தெரியாத அளவுக்கு முகம் உப்பியது. அதைப் படமெடுத்து அறிக்கையோடு வெளியிட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் அவரால் வெயிலில் நிம்மதியாக நடமாட முடியவில்லை.

இன்றைக்கு எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது. ஆனால் அந்த வீங்கிய முகம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. இந்தப் பொருள் மனித உடம்பிலும் வேலை செய்கிறது. அது உடம்பை விட்டுப் போக மாதக் கணக்கில் ஆகிறது.

அதன் பிறகு நீண்ட மௌனம். நடுவில் சில நல்ல கண்டுபிடிப்புகள் வராமல் இல்லை. பிரான்ஸில் போலிகார் என்பவர் 1924-ல், சில கட்டிகள் புற ஊதா விளக்கில் தாமாகவே சிவப்பாக ஒளிர்வதைக் கவனித்தார். போர்ஃபிரின் புற்றுக்கட்டிகளில் தேங்குகிறது என்பதற்கு அது முதல் தடயம். ஆனால் எக்ஸ்ரேயும் ரேடியமும் உடம்பின் எந்த ஆழத்துக்கும் போகும்போது, தோலைத் தாண்டத் திணறும் சாதாரண வெளிச்சத்தை யார் மதிப்பார்கள்? இரண்டு உலகப் போர்கள் வேறு. 1960 வாக்கில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் லிப்சன், ஹீமட்டோபோர்ஃபிரினை அமிலங்களோடு சேர்த்துப் பக்குவப்படுத்திய ஒரு கலவையைப் பயன்படுத்தினார். கட்டிகளை அடையாளம் காண அது உதவியது. கொல்வதற்கு என்று பெரிய அளவில் யாரும் எடுத்துச் செல்லவில்லை.

எடுத்துச் சென்றவர் தாமஸ் டோஹர்டி. மருத்துவர் அல்ல, வேதியியல்காரர். டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருக்கும் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்துக்கு வந்தார். முதலில் ஃப்ளோரசின் சாயத்தில் தொடங்கினார். பிறகு லிப்சனின் கலவைக்கு மாறினார். 1975-ல் அந்தக் கலவையும் சிவப்பு வெளிச்சமும் சேர்ந்து எலிகளின் கட்டிகளைக் குணப்படுத்துகின்றன என்று காட்டினார். 1978-ல் வந்த முடிவுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 25 நோயாளிகள், தோலிலும் தோலுக்கு அடியிலும் மொத்தம் 113 கட்டிகள். அவற்றில் 111 கட்டிகள் முழுதாகவோ பாதியாகவோ கரைந்தன.

ஏன் சிவப்பு வெளிச்சம்? உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கை சிவப்பாகத்தான் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் ஓரளவு ஊடுருவி வெளியே வருகிறது. ஓரளவு என்றால் சில மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர். நீல வெளிச்சம் ஒரு மில்லிமீட்டர் போவதே அபூர்வம்.

டோஹர்டியின் மருந்தைச் சுத்திகரித்து 'ஃபோட்டோஃப்ரின்' என்று பெயர் வைத்தார்கள். 1993-ல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், 1995-ல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும், பிறகு நுரையீரல் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. பட்டியலைப் பாருங்கள். தோல், சிறுநீர்ப்பை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய். எல்லாம் வெளிச்சம் போகிற இடங்கள். ஒன்று வெளியே இருக்கும், இல்லை ஒரு குழாயை விட்டால் எட்டும்.

எலும்பு?

உடம்பிலேயே நன்றாக மூடி வைக்கப்பட்ட இடம் அது. மேலே தோல், கொழுப்பு, தசை. அதற்குள் சுண்ணாம்பு மாதிரி கெட்டியான சுவர். அதற்கும் உள்ளேதான் மஜ்ஜை. வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கிற மருந்துக்கு இதைவிட மோசமான விலாசம் கிடையாது.

ஆனால் எலும்புப் புற்றுநோய் கேட்கும் விலையைப் பார்த்தால், அந்த விலாசத்துக்கு எப்படியாவது போயே ஆக வேண்டும் என்று சிலருக்கு ஏன் தோன்றியது என்பது புரியும். ஆஸ்டியோசர்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பதின்வயதில் வருகிறது. கிடுகிடுவென்று உயரமாகும் வயது. அதிகம் வருவது முழங்காலை ஒட்டி. 1970கள் வரை ஒரே சிகிச்சை காலை வெட்டுவது. வெட்டியும் ஐந்தில் ஒருவர் பிழைத்தால் பெரிது, ஏனென்றால் அதற்குள் நோய் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போயிருக்கும்.

டெர்ரி ஃபாக்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை ஐஐடி வளாகத்தில்கூட அவர் பெயரில் ஓட்டம் நடந்திருக்கிறது. கனடாவின் வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கும் போர்ட் கோக்விட்லம் ஊர்ப் பையன். 1977-ல், 18 வயதில், ஆஸ்டியோசர்கோமாவால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. 143 நாளில் 5,373 கிலோமீட்டர். கிட்டத்தட்ட தினம் ஒரு மாரத்தான். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகில் நின்றார். நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28 அன்று, 23 வயதாவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது இறந்துபோனார்.

கீமோதெரபி வந்த பிறகு நிலைமை மாறியது. பரவாத நிலையில் கண்டுபிடித்தால் பத்தில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள். காலை எடுக்காமல் நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோகம் வைக்கும் அறுவை சிகிச்சையும் வந்தது. இருந்தாலும் ஒரு சங்கடம் தீரவில்லை. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால் போதாது, ஒரு செல் மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். அதனால் சுற்றியுள்ள நல்ல தசையையும் சேர்த்து, ஒரு உறை மாதிரி வெட்டி எடுக்க வேண்டும். அந்த உறைக்குள் ஒரு முக்கிய நரம்பு அகப்பட்டுக்கொண்டால்? கால் இருக்கும், ஆனால் பாதத்தைத் தூக்க முடியாது. கை இருக்கும், பேனா பிடிக்க முடியாது. பதினைந்து வயதில்.

இந்த இடத்தில்தான் கதை ஜப்பானுக்குப் போகிறது. மியே பல்கலைக்கழகத்தில் கட்சுயுகி குசுசாகி என்ற எலும்பு அறுவை மருத்துவர். அவர் தேர்ந்தெடுத்த மருந்தின் பெயர் அக்ரிடின் ஆரஞ்ச்.

ஆமாம், ராப் பாரமீசியத்தின் மேல் ஊற்றிய அதே அக்ரிடின் குடும்பம். செல்களுக்கு வண்ணமேற்ற ஆய்வகங்களில் பல காலமாகப் பயன்படுத்தும் சாயம், விலையும் மலிவு. குசுசாகி கவனித்தது, புற்றுச் செல்கள் இதை அள்ளிக் குடித்துவிட்டு வெளியே விட மறுக்கின்றன என்பதை. காரணம் புளிப்பு. புற்றுச் செல்கள் சர்க்கரையைக் கண்டபடி எரித்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அக்ரிடின் ஆரஞ்ச் அமிலம் உள்ள பைகளில் போய் மாட்டிக்கொள்ளும் குணம் உடையது. நல்ல தசையிலிருந்து அது சீக்கிரம் வடிந்துவிடுகிறது.

வெளிச்சம் உள்ளே போகாது என்ற பிரச்சினைக்கு அவருடைய பதில் ரொம்ப எளிமை. எப்படியும் அறுவை சிகிச்சைக்காக உடம்பைத் திறக்கத்தானே போகிறோம்? அப்போது வெளிச்சம் காட்டினால் என்ன?

1990களின் கடைசியில் நோயாளிகளிடம் தொடங்கினார்கள். நடக்கும் விதம் இது: முக்கிய நரம்பு, ரத்தக்குழாய், தசையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கிறார்கள். அந்தக் குழியில் அக்ரிடின் ஆரஞ்ச் கரைசலைச் சில நிமிடம் வைக்கிறார்கள். நீல வெளிச்சம் அடித்து மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தால், மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் பச்சையாக மின்னும். கண்ணுக்குத் தெரியாத எதிரி விளக்கு போட்டுக்கொண்டு நிற்கிறான்! மின்னுவதைச் சுரண்டுகிறார்கள், திரும்ப வெளிச்சம் அடிக்கிறார்கள், மின்னுவது நிற்கும் வரை. பிறகு பலமான நீல வெளிச்சத்தைப் பத்து நிமிடம் போலக் காட்டி, மைக்ரோஸ்கோப்புக்கும் தப்பியதைக் கொல்கிறார்கள்.

நீல வெளிச்சம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்று முன்பு பார்த்தோம். அதற்கும் அவர்களிடம் ஒரு யோசனை இருந்தது. சாயத்தைக் கழுவாமலே காயத்தை மூடி, உடனே 5 கிரே அளவுக்கு எக்ஸ்ரே கொடுத்தார்கள். சர்கோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கதிர்வீச்சு இதைப் போல பத்து மடங்கு இருக்கும். அக்ரிடின் ஆரஞ்ச் வெளிச்சத்துக்கு விழிப்பது போலவே எக்ஸ்ரேக்கும் விழித்துக்கொள்கிறது என்பது அவர்கள் எலிகளில் பார்த்த விஷயம். எக்ஸ்ரேக்குத் தசையும் எலும்பும் ஒரு தடையே இல்லை.

2005-ல் முதல் பத்து நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வெளிச்சம் மட்டும், பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயும் சேர்த்து. ஒருவருக்கு மட்டும் அதே இடத்தில் நோய் திரும்பியது. பத்துப் பேரின் கை கால்களும் நன்றாக இயங்கின.

பத்துப் பேர் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. பிறகு எண்ணிக்கை கூடியது, ஆனாலும் பெரும்பாலான முடிவுகள் இந்த ஒரு குழுவைச் சுற்றியே வந்தவை. அக்ரிடின் ஆரஞ்ச் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் பொருள், பாக்டீரியாவில் மரபணு மாற்றங்களை உண்டாக்குகிறது. அதுவே புற்றுநோயை வரவைக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. வரவைக்கும் என்று சொல்லவும் ஆதாரம் போதாது, வரவைக்காது என்று சொல்லவும் போதாது என்று அர்த்தம்.

எலும்பில் பிறக்கும் புற்றுநோய் அபூர்வம். வேறெங்கோ பிறந்து எலும்புக்கு வந்து சேரும் புற்றுநோய்தான் அதிகம். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், இந்த மூன்றும் எலும்புக்கு, அதிலும் முதுகெலும்புக்குப் போவதில் கெட்டிக்காரர்கள். முதுகெலும்பை அரித்து அரித்து ஒரு நாள் நொறுக்கிவிடும். வலி சொல்ல முடியாது. நொறுங்கிய துண்டு தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழந்துவிடும். இங்கே குசுசாகி மாதிரி திறந்து வைத்து வெளிச்சம் காட்ட முடியாது, நோயாளி ஏற்கெனவே தளர்ந்திருப்பார். இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது கனடாவின் டொராண்டோ குழு. ஆனால் அவர்கள் பயன்படுத்திய மருந்து பிறந்தது டெர்ரி ஃபாக்ஸின் வான்கூவரில்.

அவர் இறந்த அதே 1981-ல் வான்கூவரில் க்யூஎல்டி என்ற கம்பெனியைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜூலியா லெவி, நோயெதிர்ப்பியல் பேராசிரியை. அவருக்கு இந்தத் துறையில் ஆர்வம் வந்த கதை சுவாரசியமானது. கோடைக்கால வீட்டில் விளையாடிய அவருடைய பிள்ளைகளின் கையில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. காரணம் அங்கே முளைத்திருந்த ஒரு செடி. அதன் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் எரியும். கார்போகரிசி சங்கதிதான், வேறு ஊரில்!

இந்தக் கம்பெனி 1987-ல் ஃபோட்டோஃப்ரினின் உரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சனிடமிருந்து வாங்கியது. பெரிய கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கியதைச் சின்னக் கம்பெனி எடுத்துக் கரை சேர்த்தது. கூடவே சொந்தமாக வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தையும் உருவாக்கினார்கள். 690 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்யும், உடம்பை விட்டும் சீக்கிரம் போய்விடும். புற்றுநோய்க்காக என்று தொடங்கிய மருந்து கண்ணில் போய் வெற்றி பெற்றது. வயதானவர்களின் விழித்திரையில் வேண்டாத ரத்தக்குழாய்கள் வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய்க்கு, 2000-ல் 'விசுடைன்' என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நோய்க்கு அதற்கு முன் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே இல்லை. பணம் கொட்டியது. 2006-ல் லுசென்டிஸ் என்ற ஊசி மருந்து வந்ததும் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. 2012-ல் க்யூஎல்டி விசுடைனை வேலியன்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

ஏற்கெனவே அனுமதி பெற்ற, மனிதர்களுக்குக் கொடுத்துப் பழகிய மருந்து கையில் இருந்ததால் டொராண்டோக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஷேன் பர்ச், ஆல்பர்ட் யீ, பிரையன் வில்சன் உள்ளிட்ட குழு 2005-ல் எலிகளின் முடிவை வெளியிட்டது. மனித மார்பகப் புற்றுச் செல்கள் எலிகளின் முதுகெலும்பில் வளர்ந்திருந்தன. மெல்லிய ஆப்டிக் ஃபைபரை முதுகெலும்புப் பக்கத்தில் செருகி வெளிச்சம் பாய்ச்சினார்கள். கட்டி சுருங்கியது. எலும்பு வெளிச்சத்தை மறைக்கும் சுவர் என்ற பயம் பாதிதான் உண்மை என்று தெரிந்தது. டியூப்லைட் மூடி மாதிரி, அது வெளிச்சத்தைச் சிதறடித்துப் பரப்பவும் செய்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. பக்கத்திலேயே தண்டுவடம். மருந்து கொடுத்ததற்கும் வெளிச்சம் காட்டுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும், எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்பதைத் தேடுவதிலேயே வருடங்கள் போயின. இடையில் ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. சிகிச்சை பெற்ற எலும்பு பலவீனமாகவில்லை, புதிய எலும்பு உருவாவதற்கான அறிகுறிகள் தெரிந்தன. கதிர்வீச்சுக்குப் பிறகு எலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

மனிதர்களின் முறை வந்தது. அரிக்கப்பட்ட முதுகெலும்புக்குள் ஊசி வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்தி முட்டுக்கொடுக்கும் சிகிச்சை 1980களிலிருந்தே இருக்கிறது. டொராண்டோ மருத்துவர்கள் அந்த ஊசித் துளையையே பயன்படுத்திக்கொண்டார்கள். சிமெண்ட் போவதற்கு முன்னால் அதே வழியாக ஃபைபர் போய் வெளிச்சம் காட்டிவிட்டு வெளியே வந்துவிடும். புதிதாக ஒரு கீறல்கூடத் தேவையில்லை. 2019-ல் முதல் கட்டப் பரிசோதனையின் முடிவு வந்தது. 30 நோயாளிகள், அதில் 6 பேருக்கு ஒப்பீட்டுக்காக மருந்து இல்லாமல் வெளிச்சம் மட்டும். மற்றவர்களுக்கு 50 ஜூலில் தொடங்கி 200 ஜூல் வரை படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். சிகிச்சையால் யாருடைய தண்டுவடமும் பாதிக்கப்படவில்லை. 50, 100 ஜூல் வாங்கியவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. முதல் கட்டம் என்பது பாதுகாப்பைப் பார்க்கத்தான், குணத்தைப் பார்க்க இல்லை. எலும்புப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சையாக இது இன்னும் ஆகவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? உடம்பின் ஆழம் ஒரு காரணம் என்றால் இன்னொன்று பி.காம். பாடத்திலேயே இருக்கிறது. ஒரு மருந்தைப் பெரிய அளவில் பரிசோதிக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். காப்புரிமை இருந்தால்தான் அந்தக் காசைத் திரும்ப எடுக்க முடியும். அக்ரிடின் ஆரஞ்ச் யார் வேண்டுமானாலும் தயாரிக்கக்கூடிய பழைய சாயம், அதற்காக எந்தக் கம்பெனி பணத்தைப் போடும்? ஆஸ்டியோசர்கோமா வருபவர்களும் குறைவு, அதாவது சந்தை சிறியது. கண் நோய்க்குக் கோடிக்கணக்கான முதியவர்கள் இருந்ததால் வெர்டிபோர்ஃபின் ஓடியது. எலும்புக்கு வந்தது அந்த ஓட்டத்தின் மிச்சத்தில்தான். விலை மலிவாக இருப்பதே ஒரு மருந்துக்கு இடைஞ்சலாகும் கணக்கு எந்த நோயாளிக்கும் புரியாது, புரியவும் வேண்டியதில்லை. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் செலவு செய்தால்தான் இந்த மாதிரி மருந்துகள் நகரும்.

முதுகெலும்புக்குள் வெளிச்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. வெர்டிபோர்ஃபின் ஏற்றியவர்கள் ஐந்து நாள் நேரடி வெயிலில் போகக் கூடாது. வெளியே போயே ஆக வேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஃபோட்டோஃப்ரினுக்கு இது குறைந்தது ஒரு மாதம். மேயர்-பெட்ஸுக்கு இதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.